கார்ட்டர் வம்சாவளி: எந்த சார்லஸ் யார்?

நண்பர்களே, அமெரிக்காவில் காலனி கால வர்ஜீனியாவின் கார்ட்டர் குடும்ப வம்சாவளியைத் தொகுத்து வருகிறேன். சுமார் 3 லட்சம் ஏக்கர் வைத்திருந்த 'கிங்' ராபர்ட் கார்ட்டர் (1663–1732) வரை சரி. அப்புறம்தான் சிக்கல். ராபர்ட், ஜான், சார்லஸ் என்று தலைமுறைதோறும் அதே பெயர்கள். ராபர்ட்டின் மகன், கிளீவ் பண்ணை சார்லஸ் (1707–1764). பேரன், ஷெர்லி பண்ணை சார்லஸ் (1732–1806). போதாக்குறைக்கு, பேரன் மணந்தது தன் சித்தப்பா மகளை!

ஷெர்லி இருக்கும் சார்லஸ் சிட்டி கவுன்ட்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நீதிமன்ற ஆவணங்களில் பெரும்பகுதி அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) அழிந்துவிட்டது. நிலவரிப் பட்டியல்களோ 1782இல்தான் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய காலத்துக்கு எதைப் பார்ப்பது? ரிச்மண்டில் உள்ள வர்ஜீனியா நூலகத்தின் நிலப்பட்டாக்களைத் தேடிப் பழகியவர்கள் யாராவது வழி சொல்லுங்களேன். அடிமைகளாக வைக்கப்பட்டவர்களின் பெயர்களையும் சேர்த்தே பதிய நினைக்கிறேன்.