கருப்பருக்கு நேர்த்தி அரிவாள்: காரில் கொண்டுபோனால் கேஸ் ஆகுமா?

கோவைக்காரன்:
அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் குலதெய்வம் கருப்பருக்கு அரிவாள் சாத்துவதாக அம்மா வேண்டியிருந்தார். திருப்பாச்சியில் ஐந்தடி அரிவாள் சொல்லியாகிவிட்டது. அதை வாங்கிக்கொண்டு ராமநாதபுரம் பக்கம் இருக்கும் கோயிலுக்குக் காரில் போக வேண்டும். ஒன்பது அங்குலத்துக்கு மேல் போனாலே லைசென்ஸ் வேண்டும் என்று மச்சான் பயமுறுத்துகிறார். உண்மையா?

கோர்ட்டு வாசல்:
உங்கள் மச்சான் சொல்வது பாதிதான் சரி. 2016 ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகையாக வாள், குத்துவாள், ஈட்டி எல்லாம் வருகின்றன. ஒன்பது அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம் என்ற கணக்கும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றை அதே வரி விலக்கிவிடுகிறது. இல்லாவிட்டால் தேங்காய் வெட்டுகிற ஒவ்வொருவரும் உள்ளே போக வேண்டியதுதான்.

நேர்த்தி அரிவாள் விவசாயக் கருவி இல்லையே என்று கேட்பீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 2(1)(சி) பிரிவைப் பாருங்கள்: தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைத்த அல்லது மாற்றியமைத்த பொருள்தான் ஆயுதம். சாமிக்குச் சாத்தச் செய்தது அதில் வராது என்பதே என் வாதம்.

ஆனால் செக்போஸ்ட்டில் நிற்கும் ஏட்டையா அளவைத்தான் முதலில் பார்ப்பார். சாக்கில் சுற்றி டிக்கியில் வையுங்கள். பட்டறை பில்லும், கோயில் பூசாரியிடமோ கமிட்டியிடமோ ஒரு கடிதமும் கையில் இருக்கட்டும். முக்கியமாக, தேதி பார்த்துப் போங்கள். செப்டம்பர், அக்டோபரில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், தேவர் ஜெயந்தி என்று அந்தப் பக்கம் தடையுத்தரவு போடுவார்கள் (முன்பு 144, இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ன் 163-ஆம் பிரிவு). அந்த நாட்களில் கடிதம் இருந்தாலும் வேண்டாம்.

உலைக்களம்:
வக்கீல் சார் சொன்னது சரி. நாங்கள் பரம்பரையாகப் பட்டறை வைத்திருக்கிறோம். வெட்டரிவாளுக்கு லாரி ஸ்பிரிங் பட்டை எடுத்து, காய்ச்சி அடித்து, துவைச்சல் கொடுத்து (சூட்டோடு முக்கி இரும்பைக் கடினமாக்குவது), வாய், அதாவது வெட்டும் விளிம்பு, தீட்டுவோம். சாமி அரிவாளுக்குத் துவைச்சலும் கிடையாது, வாயும் தீட்ட மாட்டோம். தீட்டித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள் தம்பி. 2021-ல் சைலேந்திரபாபு டிஜிபியாக இருந்தபோது போலீஸ் வந்து சொன்னதிலிருந்து வாங்குபவர் பெயர், முகவரி, போன் நம்பர் எழுதிக்கொள்கிறோம். ஆதார் நகல் எடுத்துப் போங்கள்.

கோவைக்காரன்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பொங்கல் கழித்துப் போகிறோம். இன்னொன்று: தாத்தாவின் கைத்தடி ஒன்று வீட்டில் இருக்கிறது. பிடியைத் திருகி இழுத்தால் உள்ளே வாள்.

கோர்ட்டு வாசல்:
அது வேறு விஷயம். சாதாரணக் கைத்தடியைச் சட்டமே விலக்குகிறது; வாள் செருகிய கைத்தடியைப் பெயர் சொல்லியே அட்டவணையில் சேர்த்திருக்கிறார்கள். ஆயுதச் சட்டத்தின் நான்காம் பிரிவில் அரசு அறிவிக்கை போட்ட பகுதியாக இருந்தால் வீட்டில் வைத்திருக்கவே உரிமம் வேண்டும். கலெக்டர் ஆபீஸில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கேட்கப் போகும்போது தடியைக் கையில் எடுத்துப் போகாதீர்கள், போட்டோ போதும்.