மறு: ஜிலே பூவேலை – ‘வெட்டுமுன் பூவேலை’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். துணியை வெட்டுவதற்கு முன்பே, உடையின் உருவத்தை அதில் வரைந்து இடம் பார்த்துச் செய்யும் பிரெஞ்சு ஜிலே பூவேலைக்குத் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘அளவுப் பூவேலை’ என்றே வைத்துக்கொள்ளலாமே? உடம்புக்கு ஏற்றபடி செய்ததுதானே.

இதில் எனக்கு உடன்பாடில்லை. 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் ஆண்கள் கோட்டுக்கு உள்ளே அணிந்த ஜிலேக்குப் பூவேலை செய்தபோது, பெரும்பாலும் அணியப்போகிறவர் யார் என்றே தெரியாது. பட்டுத் துணியை வெட்டாமல் சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். இரண்டு முன்பாகங்களின் உருவத்தையும் அதில் வரைந்து, ஓரத்துக்குக் கரை, பைமூடிக்கு ஒரு கொடி, நடுவே சிறு பூக்கள் என்று இடம் பார்த்துத் தைப்பார்கள். பொத்தான் மேல் போர்த்தும் வட்டங்களுக்கும் அதே துணியில் மிச்சமிருக்கும் இடம்தான். வாங்கியவர் அதைத் தையற்காரரிடம் கொண்டுபோன பிறகுதான் அளவு என்ற பேச்சே வரும். யாரும் வெட்டாமல் அப்படியே தங்கிவிட்ட துண்டுகள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், கூப்பர் ஹெவிட் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒன்றைப் பார்த்தாலே போதும், விஷயம் விளங்கிவிடும். பிரெஞ்சில் இதற்கு ‘ஆ திஸ்போசிசியோன்’ என்று பெயர்.

‘முன்தையல்’ என்ற சொல்லும் இதற்கு வேண்டாம். முன்பக்கத் தையல் என்று படிப்பார்கள்.

என் பரிந்துரை ‘வெட்டுமுன் பூவேலை’. விடியுமுன், போகுமுன் என்பது போலத்தான். முதலில் பூ, அப்புறம் கத்தரி என்ற வரிசைதான் இந்த வேலையின் உயிர். சொல்லில் அது தெரிய வேண்டும். நம் ஊர் ஆரிப் பட்டறையில் கல்யாண ரவிக்கைக்கும் இதே வரிசைதான்: கழுத்தையும் கையையும் துணியில் குறித்து, வேலை முடிந்த பிறகே வெட்டுகிறார்கள். படத்தைத் துணியில் ஏற்றுவதும் ஒன்றுதான். ஊசியால் துளையிட்ட காகிதத்தின் மேல் பொடியைத் தேய்ப்பது. பிரெஞ்சு அரசருக்கு வடிவமைப்பாளராக இருந்த ஷார்ல் ஜெர்மேன் த சேன்தோபான் பூவேலைக் கலை பற்றி 1770-இல் வெளியிட்ட நூலில் கொக்கி ஊசியால் போடும் தம்பூர் வேலையும் வருகிறது. அது நம் ஆரி ஊசி வேலையேதான். ஆகவே சொல்லை முதலில் பட்டறைக்காரர்களிடம் சொல்லிப் பார்ப்போம். அவர்களுக்குப் புரியாத சொல் அகராதியில் மட்டும்தான் இருக்கும்.

நடுவே தூவியதுபோல் வரும் பூவுக்கு ‘சிதறுமலர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல்தான். ஆனால் புடவைக் கடையில் எல்லோரும் சொல்லும் ‘புட்டா’ இருக்கும்போது அது எதற்கு? 1780களின் ஜிலேக்கள் பலவற்றில் வெளிர்நிறப் பட்டின் மேல் இடைவிட்டு வரும் சின்னப் பூக்கள் அசல் புட்டாவேதான். ‘கரை’யும் அப்படியே பொருந்தும்.

பொத்தான் வட்டத்துக்குத்தான் நல்ல சொல் அகப்படவில்லை. ‘பொத்தான் முகம்’ என்று தற்காலிகமாகப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். தையற்கடைப் பழக்கம் உள்ளவர்கள் அங்கே வழங்கும் சொல்லை எழுதினால் மாற்றிவிடுகிறேன்.