நாலரை வயது, ஒன்றரை வயதுப் பிள்ளைகளோடு ஜூலையில் குற்றாலம் போகலாமா?

ஆவடி அம்மா:

தென்காசிப் பக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள். ஜூலை இரண்டாம் வாரம் நான்கு நாள் குற்றாலம் போக ஆசை. மகளுக்கு நாலரை வயது, எல்கேஜி படிக்கிறாள். மகனுக்கு ஒன்றரை. நடை பழகிவிட்டான், கையைப் பிடித்தால் உதறிவிட்டு ஓடுவான். கூட என் மாமியாரும் வருகிறார். 67 வயது, முழங்கால் வலி உண்டு.

மாமியார் பிறந்தது கடையநல்லூர். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த பிறகு சீசன் நேரத்தில் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போக வாய்க்கவில்லை. "பேரப்பிள்ளைகளோட ஒரு நாள் சாரல்ல நிக்கணும்" என்று இந்த வருஷம் மூன்று தடவை சொல்லிவிட்டார். அதைத் தட்ட எனக்கு மனசு வரவில்லை.

என் கணவருக்குத்தான் தயக்கம். போன வருஷம் கொடைக்கானல் போனோம். மூன்று நாளில் எட்டு இடம் என்று திட்டம் போட்டிருந்தோம். மலைப்பாதையில் மகள் நான்கு தடவை வாந்தி எடுத்தாள். இரண்டாம் நாள் ராத்திரி காய்ச்சல் வந்து, மூன்றாம் நாள் முழுக்க அறையில் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிவியில் குற்றாலத்துக் கூட்டத்தையும் வெள்ளத்தையும் பார்த்துவிட்டு, "பிள்ளைகள் வளரட்டும், அப்புறம் போகலாம்" என்கிறார். மாமியாரின் கால் அதுவரை காத்திருக்குமா?

காரில் வருவதா, ரயிலிலா? எந்த அருவி சின்னப் பிள்ளைகளுக்கு ஒத்துவரும்? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

மேலகரம் அக்கா:

தாராளமாக வாங்க தங்கச்சி. எங்கள் வீடு தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில். சீசன் வந்தால் தங்கை, நாத்தனார், மதினி என்று யாராவது கைப்பிள்ளையோடு வந்து இறங்கிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் வாந்திப் பயத்தை விடுங்கள். குற்றாலம் மலைமேல் இல்லை, அடிவாரத்தில் இருக்கிறது. தென்காசி ஸ்டேஷனிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான், கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூடக் கிடையாது. பொதிகை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் தென்காசி. இப்போது 60 நாள் முன்பிருந்துதான் முன்பதிவு, அது திறக்கும் அன்றைக்கே போட்டுவிடுங்கள். ஐந்து வயது ஆகாததால் உங்கள் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் டிக்கெட் வேண்டாம், ஆனால் தனி பெர்த் கிடைக்காது. பாட்டிக்கு லோயர் பெர்த் கேளுங்கள்.

நாள் முக்கியம். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். திங்கள் காலை வந்து வியாழன் சாயங்காலம் ரயிலேறுங்கள். அருவிக்கு விடியற்காலை ஐந்தரை, ஆறு மணிக்குப் போய்விட வேண்டும். எட்டு மணிக்கு மேல் வேன்கள் வர ஆரம்பித்தால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்க இடம் இருக்காது.

எந்த அருவி என்றால் புலியருவி. மெயினருவியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இருக்கும். சின்ன அருவி, பிள்ளைகள் தாங்குகிற வேகம். மெயினருவியும் ஐந்தருவியும் பிள்ளைகளுக்குப் பார்க்கத்தான், குளிக்க அல்ல. இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

என் மகனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது ஐந்தருவியில் அவன் அப்பா அவனைத் தூக்கிக்கொண்டுபோய் அருவிக்கு அடியில் நிறுத்திவிட்டார். பயம் தெளியட்டும் என்று நல்லெண்ணத்தில்தான் செய்தார். தண்ணீர் தலையில் அறைந்ததும் பிள்ளைக்கு மூச்சு முட்டியது. வாயைத் திறந்தான், சத்தமே வரவில்லை. வெளியே கொண்டுவந்து முதுகைத் தடவி, அவன் அழுத பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அதற்கப்புறம் இரண்டு வருஷம், வீட்டில் தலைக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்ற இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

ஐந்து வயதில் புலியருவிக்குக் கூட்டிப்போனேன். குளி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் நாள் தண்ணீர் ஓடுகிற இடத்தில் உட்கார்ந்து இலையைக் கிள்ளிக் கிள்ளி விட்டுக்கொண்டிருந்தான். அடுத்த நாள் எழுந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு கையை மட்டும் அருவிக்குள் நீட்டினான். தண்ணீர் உள்ளங்கையில் விழுந்து முழங்கை வழியாகச் சட்டைக்குள் ஓடியதும் கெக்கெக்கென்று சிரித்தான். கையை எடுப்பான், நீட்டுவான். அரைமணி நேரம் அதுவே விளையாட்டு. மூன்றாம் நாள் தானாகத் தலையைக் கொடுத்தான். உங்கள் மகளையும் அப்படியே விடுங்கள். நான்கு நாளும் கையை மட்டும் நனைத்துவிட்டு வந்தால் அதுவும் சரிதான். சின்னவனுக்கு அருவியே வேண்டாம், ஒரு மக்கில் பிடித்துக் காலில் ஊற்றுங்கள்.

இனி வெள்ளம். உங்கள் கணவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மழை மேலே காட்டில் பெய்யும், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், தண்ணீர் மட்டும் நிமிஷத்தில் ஏறிவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித்தான் வந்தது, 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாக வந்தாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து விழுந்தாலோ யாரும் சொல்லக் காத்திருக்காமல் பிள்ளைகளோடு வெளியே வந்துவிடுங்கள். போலீஸ் விசில் ஊதினால் துண்டை எடுக்கக்கூட நிற்காதீர்கள். குளிக்கத் தடை என்றால் அன்றைக்குத் தடைதான், கெஞ்சிப் பார்க்கிற வேலை வேண்டாம். அன்று குற்றாலநாதர் கோயிலுக்குப் போங்கள், மெயினருவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மழை வலுத்தால் சித்திர சபைக்குள் சுவர் ஓவியங்களைக் காட்டிக் கதை சொல்லலாம், நேரம் போவதே தெரியாது.

குரங்கு நிறைய. பிள்ளை கையில் பிஸ்கட் பாக்கெட் கொடுத்து வெளியே விடாதீர்கள், பிடுங்கும்போது நகம் பட்டுவிடும். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, இட்லியும் ரசம் சோறும் எங்கேயும் கிடைக்கும். பரோட்டா, கோழியெல்லாம் நீங்கள் சாப்பிடுங்கள், சின்ன வாய்க்குக் காரம் தாங்காது.

பாளையங்கோட்டை நர்ஸ்:

அக்கா சொன்னதோடு இரண்டு விஷயம். குளித்து முடித்ததும் ஈரத் துணியோடு ஆட்டோவில் ஏற்றாதீர்கள், சாரல் காற்று குளிரும். அங்கேயே துவட்டி, உடை மாற்றி, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூன்று செட் துணி வேண்டும், ஏனென்றால் சீசனில் துவைத்தது காயாது. குடிக்கக் கொதித்து ஆறிய தண்ணீர்தான். காய்ச்சல் மருந்தைக் கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் எடைக்கு எவ்வளவு என்று கேட்டு, அட்டையில் எழுதிப் பையில் வையுங்கள்.

அப்புறம் பழம். வழியெல்லாம் ரம்புட்டான், மங்குஸ்தான் குவித்து வைத்திருப்பார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ரம்புட்டானை முழுசாகக் கொடுத்துவிடாதீர்கள். வழுக்கிக்கொண்டு கொட்டையோடு தொண்டையில் இறங்கும். சதையைச் சீவி, சின்னதாக நறுக்கித்தான் கொடுக்க வேண்டும்.

மதுரை அப்பா:

நாங்களும் இரண்டு சின்னதுகளோடு போய்வந்தோம். எங்கள் பையனுக்கு அருவியைவிட ரயில்தான் பிடித்தது. செங்கோட்டையிலிருந்து புனலூர் வரைக்கும் 49 கிலோமீட்டர், மலைக்குள் குகைகளைத் தாண்டிப் போகும். 1904-ல் வந்த பாதை, அகலப்பாதையாக மாற்றி 2018-ல் மறுபடி முழுசாகத் திறந்தார்கள். குகைக்குள் நுழையும்போது பெட்டியே சேர்ந்து கத்தும். கழுதுருட்டியில் 13 கண் பாலம் வரும். திரும்புகிற வண்டி நேரத்தை முதலிலேயே பார்த்துவிட்டு ஏறுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளோடு பிளாட்பாரத்தில் காத்திருக்க நேரும்.

ஆவடி அம்மா:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி இவரை உட்காரவைத்து முழுசும் படித்துக் காட்டினேன். ஐந்தருவிக் கதை வந்ததும் மகளைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவரே காலண்டரை எடுத்து, திங்கள் முதல் வியாழன் வரை லீவு கேட்கிறேன் என்றார். நான்கு நாளும் காலையில் புலியருவி, ஒரே ஒரு மதியம் ரயில், அவ்வளவுதான் திட்டம். ஒரு சந்தேகம் மட்டும். மாமியாரால் வழுக்குகிற கல்லில் இறங்க முடியாது. அவருக்குச் சாரல் எங்கே கிடைக்கும் அக்கா?

மேலகரம் அக்கா:

அவர் எங்கேயும் இறங்க வேண்டாம் தங்கச்சி. மெயினருவிக்கு எதிரே பாலம் இருக்கிறது. தண்ணீர் நன்றாக விழுகிற நாளில் அங்கே நின்றாலே திவலை முகத்தில் தெறிக்கும். குடையை மடக்கிக் கையில் கொடுத்துவிட்டு, பெரியவளைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.