தொடக்கநிலை 2: பச்சைப் பயறு முளைக்கவைக்கும் வேலை, அழுகாமல் இருக்க வழி?

மணிப்புறா:
வணக்கம். சிங்கப்பூரில் தொடக்கநிலை 2 தமிழ் வகுப்பு, 14 பிள்ளைகள். பச்சைப் பயறு முளைப்பதைப் பார்த்துத் தமிழில் பேசி எழுதவைக்க வேண்டும். போன தவணையில் பஞ்சில் போட்டதில் பாதிக்குமேல் அழுகி நாறியது, வெள்ளையாகப் பூசணம் வேறு. எந்தக் கிழமை தொடங்கினால் நல்லது? இன்னொன்று, எதைக் கேட்டாலும் "வளந்துச்சு" என்று ஒரே சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள்.

வேர்க்கால்:
அழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். விதைக்கும் மூச்சு வேண்டும். பஞ்சு சொதசொதவென்று ஊறிக் கிடந்தால் காற்று புகாது, பயறு முளைக்காமல் புளித்து நாறும். பஞ்சை விட்டுவிட்டுச் சமையலறைக் காகிதத்துக்கு மாறுங்கள்.

தேக்கா சந்தையில் விற்கும் சமையல் பயறே போதும், முழுப் பயறாக இருக்க வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னால் சிலர் தோல் நீக்கிய பாசிப்பருப்பைக் கொண்டுவருவார்கள், அது முளைக்காது. உடைந்ததைப் பொறுக்கிவிட்டு ஞாயிறு இரவு சுமார் 8 மணி நேரம் ஊறவையுங்கள். காலையில் வடிக்கும்போது ஊறாமல் கல்லாகவே இருப்பவற்றையும் எடுத்துவிடுங்கள்.

ஆளுக்கு ஓர் ஒளிபுகும் பிளாஸ்டிக் குவளை. காகிதத்தை நாலாக மடித்து உட்சுவரை ஒட்டிச் சுற்றி, நடுவில் கசக்கிய காகிதத்தை அடைத்தால் அது நழுவாது. சுவருக்கும் காகிதத்துக்கும் இடையே, பாதி உயரத்தில் 4 பயறு. 3 தேக்கரண்டித் தண்ணீர் ஊற்றிக் காகிதம் முழுதும் நனைந்ததும் குவளையைச் சாய்த்து, மிச்சத்தை வடித்துவிட வேண்டும். பிறகு தினமும் காகிதம் காய்ந்திருந்தால் மட்டும் 1 தேக்கரண்டி. அடியில் நீர் தேங்கவே கூடாது. அழுகலுக்காக மட்டும் சொல்லவில்லை: 20 காசு நாணய அகலத் தண்ணீர் இருந்தாலே டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் ஊர் இது.

திங்கள் குவளையில் வைத்தால் செவ்வாய் தோல் வெடித்து வேர்முனை தெரியும், புதன் வேர் கீழே இறங்கும், வியாழன் தண்டு கொக்கிபோல் வளைந்து மேலெழும், வெள்ளி நிமிரத் தொடங்கும். குளிர்சாதன அறையில் ஒரு நாள் தள்ளிப்போகலாம். சனி, ஞாயிறு வகுப்பில் விடாதீர்கள், வெள்ளிக்கிழமையே வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

கதிர்க்குருவி:
"என்ன பார்த்தாய்?" என்று பொதுவாகக் கேட்டால் "வளந்துச்சு"தான் வரும். மூன்று கேள்வியாகப் பிரியுங்கள். "நேத்து எப்படி இருந்துச்சு? இன்னிக்கு என்ன மாறியிருக்கு? நாளைக்கு என்ன வரும்?" முதலில் பேச்சுத்தமிழிலேயே சொல்லட்டும், பிறகு எழுதட்டும்: "நேற்று தோல் வெடித்தது. இன்று வேர் நீண்டிருக்கிறது. நாளை தண்டு வரும்." மூன்று காலமும் வந்துவிடும், இலக்கணம் என்ற பேச்சே எடுக்க வேண்டாம்.

வினைச்சொற்களை ஒரே நாளில் கொட்டாதீர்கள். நாளுக்கு இரண்டு: ஊறியது, உப்பியது, வெடித்தது, எட்டிப்பார்த்தது, நீண்டது, இறங்கியது, வளைந்தது, எழுந்தது, நிமிர்ந்தது, விரிந்தது. மூடிய கையிலிருந்து ஒரு விரலை மெல்ல நீட்டிக் காட்டினால் "எட்டிப்பார்த்தது" அப்படியே பதிந்துவிடும்.

அளக்க அளவுகோல் சரிவராது, வேர் நெளிந்திருக்கும். குவளைச் சுவரில் வேரோடு நூலை வைத்து வெட்டி, தாளில் நாள்வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். நான்கு நாளில் பட்டை வரைபடம் தானாக நிற்கும். "நேற்றைவிட நீளம்" என்ற ஒப்பீடும் அதைப் பார்த்தே வந்துவிடும்.

எனக்கு மிகப் பிடித்தது இது: புதன்கிழமை இரண்டு குவளைகளை மட்டும் படுக்க வைத்து, வேர் எந்தப் பக்கம் போகும் என்று கேளுங்கள். மறுநாள் வேர்முனை தரையை நோக்கித் திரும்பியிருக்கும். அன்றைக்குப் பேசாத பிள்ளையும் பேசும்.

வேர்க்கால்:
ஒன்று விட்டுப்போனது. அந்த வெள்ளை எல்லாமே பூசணமாக இருக்காது. வேர்முனைக்குச் சற்று மேலே, சுற்றிலும் சீராகப் பஞ்சுபோல் இருந்தால் அவை வேர்த்தூவிகள் (வேரின் நுண்ணிய முடிகள்), நீர் தெளித்தால் படிந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். பூசணம் விதைத்தோலின்மேல் சிலந்திவலைபோல் தாறுமாறாகப் படரும், நாறும். அந்த விதையை மட்டும் எடுத்துவிட்டுக் கைகழுவச் சொல்லுங்கள்.

மணிப்புறா:
நன்றி. நல்ல வேரையும் பூசணம் என்று நினைத்துத் தூக்கிப் போட்டிருக்கிறேன்போல. ஒருவர் குவளையில் நாலும் முளைக்காவிட்டால்?

கதிர்க்குருவி:
பெயர் எழுதாத குவளை நான்கைக் கூடுதலாகத் திங்களன்றே தயார் செய்துவையுங்கள். புதன் காலை முளைக்காதவருக்கு அதைக் கொடுத்து, முளைக்காத பயற்றைக் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே கொழகொழவென்று இருந்தால் தண்ணீர் அதிகம், கல்லாக இருந்தால் ஊறவே இல்லை.