புதிய அந்துப்பூச்சிக்குப் பெயரிடப் புகைப்படம் போதுமா?

இரவுவிளக்கு:
வெள்ளைத் துணி கட்டி விளக்கேற்றிப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், விரல்நகத்தைவிடச் சிறிய அந்துப்பூச்சிகளில்தான் நிறங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஸ்டாத்மோபோடா என்ற பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் குழுவில், வரும் பூச்சிகள் பின்னங்கால்களை உயர்த்திக்கொண்டு மஞ்சளும் பழுப்புமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் கண் எடுக்க முடியாது. பெயரில்லாதவை ஏராளம். சோலைக்காட்டின் ஓரத்தில் நான் படமெடுத்த ஒன்றும் அப்படித்தான் தெரிகிறது. இன்றைய கேமராவில் செதில் செதிலாகத் தெரிகிறது. பிறகு எதற்குக் கொன்று ஊசியில் குத்த வேண்டும்? 2015-இல் தென்னாப்பிரிக்காவின் மார்லீமியா சைலோகோபே என்ற ஈ, புகைப்படங்களை மட்டும் வைத்தே விவரிக்கப்பட்டது. சர்வதேசப் பெயரிடல் விதிகள் அதைத் தடுக்கவில்லை.

நுண்ணோக்கி:
தடுக்கவில்லைதான். ஆனால் மறு ஆண்டே உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிடும் வகைப்பாட்டியலாளர்கள் ஏறத்தாழ 500 பேர் கையெழுத்திட்டு அந்த முறையை எதிர்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிறு அந்துப்பூச்சிகளில் நிறத்தை நம்பவே கூடாது. ஓர் இனத்துக்குள்ளேயே நிறம் மாறும். வேறு வேறு இனங்கள் ஒரே நிறத்தில் இருக்கும். வயிற்றைத் தனியே எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி, சதை கரைந்தபின் எஞ்சும் இனப்பெருக்க உறுப்புகளுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பெரும்பாலும் முடிவு கிடைக்கும். எந்தக் கேமராவும் வயிற்றுக்குள் நுழையாது.

எட்வர்ட் மெய்ரிக்கை நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியர். 1938-இல் இறப்பதற்குள் 10,000-க்கும் மேற்பட்ட சிற்றந்துப்பூச்சிகளுக்குப் பெயர் வைத்துவிட்டார். கோயம்புத்தூரில் அரசுப் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிக் ஃப்ளெட்சர் அனுப்பியவையும் அவற்றில் உண்டு. மெய்ரிக் இனப்பெருக்க உறுப்புகளை ஆராய மறுத்தார். பெரும்பாலும் படமில்லாமல் சில வரி வருணனையோடு நிறுத்திக்கொண்டார். அவருடைய பேரினங்கள் பல பின்னாளில் கலைந்தன. அந்தக் குழப்பத்தைச் சீர்செய்ய முடிந்ததற்கு ஒரே காரணம், அவர் பெயரிட அடிப்படையாகக் கொண்ட மூல மாதிரிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்தன. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த கேட்ஸ் கிளார்க் அவற்றை எடுத்துப் படமாக்கி, 1955 முதல் 8 தொகுதிகளாக வெளியிட்டார். மெய்ரிக் படங்களை மட்டும் விட்டுச் சென்றிருந்தால் கிளார்க் எதை அறுத்துப் பார்த்திருப்பார்?

இரவுவிளக்கு:
அந்தப் பழைய மாதிரிகளில் வயிறே உதிர்ந்துபோனவையும் இருக்கின்றன. ஊசி எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. பிரெந்தியா என்ற அந்துப்பூச்சிப் பேரினத்தைப் பாருங்கள். இறக்கையை ஒருவிதமாக நிமிர்த்தி, குதிக்கும் சிலந்தியைப்போல நின்று, அதே சிலந்தியிடமிருந்து தப்பிக்கும். அதைத் தன் இனமென்று எண்ணிச் சிலந்தி சைகை காட்டுவதைக் கோஸ்டா ரிகாவில் செய்த ஆய்வு 2006-இல் வெளியானது. விரித்துக் குத்திய பூச்சியில் அந்த நிலை எங்கே இருக்கிறது?

மரபுவரி:
இருவரும் பூச்சியின் காலை மறந்துவிட்டீர்கள். ஒரே ஒரு கால் கிடைத்தால் டி.என்.ஏ. பட்டைக்குறி எடுத்துவிடலாம். பால் ஹெபர்ட் 2003-இல் முன்வைத்த முறை அது. ஏறத்தாழ 650 எழுத்துகள் கொண்ட ஒரு மரபணுத் துண்டை ஒப்பிட்டு இனத்தை அடையாளம் காண்பது. கோஸ்டா ரிகாவின் 403 ஒட்டுண்ணிக் குளவிகளை 2021-இல் பெரும்பாலும் அதை வைத்தே விவரித்தார்கள். வயிற்றை வேகவைத்துக்கொண்டிருந்தால் காடு காத்திருக்காது.

நுண்ணோக்கி:
அந்த 403-க்கும் கடும் எதிர்ப்பு எழுந்தது, மரபுவரி. அந்த மரபணு தாய்வழி மட்டுமே வருவது. பூச்சிகளின் உடலில் வாழும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவும் தாய்வழியே பரவுவதால், இரண்டு இனங்களை ஒன்றாகவும் ஒன்றை இரண்டாகவும் அது காட்டிவிடக்கூடும். 2017-இல் டொனால்ட் டிரம்ப் பெயர் சூட்டப்பட்ட கலிபோர்னிய அந்துப்பூச்சியைச் செய்திகள் அதன் தலையிலுள்ள மஞ்சள் கலந்த வெள்ளைச் செதிலுக்காகக் கொண்டாடின. அந்த ஆய்வோ அருங்காட்சியக மாதிரிகள், உறுப்பமைப்பு, பட்டைக்குறி மூன்றையும் சேர்த்தே செய்யப்பட்டது. எனக்கு வேண்டியது அதுதான்.

இரவுவிளக்கு, நம் நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், 39-ஆம் பிரிவு: புதிய உயிரினத்தைக் கண்டவர் மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். வனத்துறை அனுமதி பெறுங்கள். ஆணும் பெண்ணும் கிடைக்கும்வரை இடம், தேதி, செடி எல்லாம் குறித்து 'ஸ்டாத்மோபோடா, இனம் தெரியவில்லை' என்று பதிந்து வையுங்கள்.

இரவுவிளக்கு:
குறித்துத்தான் வைக்கிறேன். ஆனால் அனுமதி வருவதற்குள் அந்தச் சோலைக்காட்டின் ஓரம் வெட்டப்பட்டால், 'இனம் தெரியவில்லை' என்ற பூச்சிக்காக யார் தடை கேட்பார்கள்? பெயர் இருந்தால் ஒரு மனுவிலாவது எழுதலாம். இதற்குப் பதில் வராதவரை நான் ஏற்க மாட்டேன்.