புதுப் பையனைக் குழுவில் திருத்தினேன், போயே போய்விட்டான். என் தப்பா?

அல்சூர் ஊசி:

பெங்களூரில் பழைய இசைத்தட்டு சேர்க்கிற தமிழ் ஆட்கள் நாற்பது பேர் வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். மாதம் ஒரு ஞாயிறு யாராவது ஒருத்தர் வீட்டில் கூடுவோம். சண்டை எங்களுக்குப் புதிதில்லை. ஊசி அழுத்தம் 1.8 கிராமா, 2 கிராமா என்று இரண்டு பேர் மூன்று நாள் அடித்துக்கொண்டதைக் காபி குடித்தபடி வேடிக்கை பார்த்தவன்தான் நானும்.

போன வாரம் நடந்தது வேறு. ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் ஒரு பையன், சேர்ந்து பத்து நாள்கூட ஆகாதவன், வீடியோ போட்டான். தாத்தாவின் நாதஸ்வரத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய வகை, சுருக்கமாக 78. மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைக்கிறான். பஞ்சு கன்னங்கரேலென்று வருகிறது. கீழே, "அறுபது வருஷ அழுக்கு!" என்று சிரிப்புப் பொம்மை.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 78 அரக்கில் செய்தது, ஸ்பிரிட்டில் கரையும். பஞ்சில் வந்த கறுப்பு தட்டேதான். பின்னால் வந்த எல்பி தட்டு வினைல் பிளாஸ்டிக், அதை ஸ்பிரிட் கரைக்காது. எல்பிக்கு யாரோ சொன்ன வைத்தியத்தை இதில் செய்திருக்கிறான். உடனே எழுதினேன்: "தம்பி, நீ துடைப்பது அழுக்கை இல்லை, உன் தாத்தாவை."

பதினெட்டுப் பேர் சிரித்தார்கள். ராத்திரிக்குள் பையன் குழுவை விட்டுப் போய்விட்டான். அவனை நிறுத்தத்தானே வேண்டியிருந்தது? வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம்?

மல்லேஸ்வரம் 33:

சார், சிரித்த பதினெட்டில் நானும் ஒருத்தன். "நிறுத்து, கரைகிறது" என்று மட்டும் சொல்லியிருந்தால் அது அவனுக்கு. தாத்தா வரி எங்களுக்காக எழுதியது. தச்சர் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே மரத்துக்குப் பாலிஷ் போடுகிறார்? அதைச் சொல்லியிருந்தால் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்.

மாட்டுங்கா தட்டு:

நான் மும்பை. எனக்கு இந்த மென்மையில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. சோர் பஜாரில் வாங்கிய 78 ஒன்றை எல்பி ஊசியில் ஆறு மாதம் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த சீனியர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மனசு நோகும் என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. 78-இன் பள்ளம் அகலம், ஏறக்குறைய 3 மில் ஊசி வேண்டும் (மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எல்பி ஊசி 0.7 மில். பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து அங்கே கிடக்கும் தூசியைப் பாடும். கரகரவென்று கேட்டதற்கு நான் தட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்! குழுவில் பொதுவாகச் சொன்னது சரிதான், இன்னும் நாலு பேர் கையில் ஸ்பிரிட் பாட்டில் இருந்திருக்கும். கேலியை மட்டும் வெட்டியிருக்கலாம்.

சாம்பிராணி:

சீனியர்கள் என்றதும் நினைவு வருகிறது. 2022-இல் மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்கத் தட்டுக் கம்பெனியின் விவகாரம் வெடித்ததே? முழுக்க அனலாக், அதாவது டிஜிட்டலே கலக்காதது என்று ஜனங்கள் நம்பி வாங்கிய பல தட்டுகளின் தயாரிப்புக்கு நடுவில் டிஎஸ்டி என்ற வகை டிஜிட்டல் பதிவு இருந்தது வெளியே வந்தது. டிஜிட்டல் ஒரு சொட்டு கலந்தாலும் காது காட்டிக்கொடுத்துவிடும் என்று எங்கள் கூட்டத்தில் சத்தியம் செய்தவர் அலமாரியில் அந்தக் கம்பெனித் தட்டு ஏழு. யாராவது சிரித்தோமா? பெரியவர் என்று காபி கொடுத்து அனுப்பினோம். பையனுக்கு மட்டும் பதினெட்டுச் சிரிப்பு.

தட்டின் மறுபக்கம் தப்பியிருந்தால் எப்படித் துடைப்பது என்று பையனுக்குச் சொல்லுங்கள்: வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. லேபிள் நனையாமல், பள்ளத்தின் போக்கிலேயே மெல்லிய துணியால் துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றி எடுக்கணும். நீங்களே போன் பண்ணுங்க சார்.

அல்சூர் ஊசி:

பண்ணினேன். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை, "சொல்லுங்க அங்கிள்" என்றான். குழுவில் 'சார்' என்றுதான் கூப்பிடுவான், அதனால் கொஞ்சம் தைரியம் வந்தது. மன்னிப்புக் கேட்டேன், பாலிஷ் கதையும் சொன்னேன்.

ஒரு பக்கம்தான் துடைத்தானாம். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறதாம். தாத்தா எப்போதும் போடுகிற பக்கம் அதுதான். மறுபக்கத்தை இதுவரை யாரும் கேட்டதாகவே அவனுக்கு நினைவில்லை.

குழுவுக்குத் திரும்ப வர மாட்டேன் என்றுவிட்டான். சரி. ஞாயிற்றுக்கிழமை தட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு மட்டும் வருகிறான். 78 ஊசியை இப்போதுதான் தேடி எடுத்து வைத்தேன்.