பெருங்குடல் அழற்சிக்கு புரோபயாட்டிக் கொடுக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்னும், பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் நோய்க்கு மெசலமைன், அசதயோபிரின் மாத்திரைகளை எடுத்துவரும் என் தங்கைக்கு, நோய் அடங்கியிருக்கும் இந்நிலையில் புரோபயாட்டிக்கும் (உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகள்) சேர்த்துக் கொடுக்கலாமா என்று அறிய விரும்புகிறேன். 1917இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே, வயிற்றுக்கடுப்பு பரவிய இடத்திலும் பாதிக்கப்படாத ஒரு போர்வீரரின் மலத்திலிருந்து பிரித்தெடுத்த ஈ.கோலை நிஸ்லே என்னும் பாக்டீரியா வகை, நோய் மீண்டும் தலைதூக்காமல் காப்பதில் மெசலமைனுக்கு ஏறத்தாழ இணையாகச் செயல்பட்டதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அந்தப் பலனை எல்லா நுண்ணுயிரிகளிடமும் எதிர்பார்க்க முடியாது. அசதயோபிரின் நோயெதிர்ப்பாற்றலைக் குறைப்பதால், உயிருள்ள நுண்ணுயிரிகளே தொற்றாக மாறிவிடுமோ என்பதுதான் என் பெருங்கவலை. இம்மருந்துகளுடன் புரோபயாட்டிக் எடுத்தவர்கள், மருத்துவரின் அறிவுரைப்படி எந்த வகையை எவ்வளவு காலம் எடுத்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த வாரம் குடல்நோய் மருத்துவரைப் பார்க்கவிருக்கிறோம். அவரிடம் தவறாமல் கேட்க வேண்டியவற்றையும் கூறினால் பேருதவியாக இருக்கும்.